பேச்சி மிதித்த பிடிமண்

மண்சிற்பப் பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டீர்கள். மண்ணில் மணல் எவ்வளவு சேர்ப்பது, சூளையை எப்போது மூடுவது என்பதெல்லாம் அங்கேயே சொல்லித் தருகிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு தடவை சொல்லிப் புரியாவிட்டால் கையில் இருக்கும் மண்ணுருண்டையை எறிந்துவிடுவேன். அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு, கை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் வந்த ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்தத் தொழிலில் சுத்தத்தை மறந்துவிடுங்கள். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் சோற்றில் மண் கடிபடாத நாள் கிடையாது. குடத்துத் தண்ணீரில் அடியில் மண், பாயில் மண், பிள்ளைகளின் தலைமயிரில் மண். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் என் நகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, வயிற்று வலிக்குத் தண்ணீரில் கரைத்தும் குடிக்கிற ஊர் இது. அந்த ஊரிலேயே இந்த மரியாதை என்றால் வெளியூரில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவுக்கு அடுத்தது நெசவாளர் தெரு. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் குளத்து மண்ணை ஏற்றிக்கொண்டு வண்டியோடு திரும்புவது கண்ணில் பட்டால் போதும், "சகதி வண்டி வருது, பாவக் காப்பாத்துங்க" என்று முதல் வீட்டில் கிளம்பும் குரல் கடைசி வீடு வரைக்கும் போகும். என்னைவிட என் மாடுகளுக்குத்தான் அவமானம் அதிகம். அந்தத் தெரு வந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

ஒருமுறை, பாதி முடிந்த ஒரு கறுப்பசாமி தலை காய்ந்து வெடித்துவிடக் கூடாது என்று கையில் கிடைத்த துணியை நனைத்து அதன்மேல் போட்டுவிட்டு வெளியே போனேன். அது என் மனைவி பேச்சியின் தீபாவளிச் சேலை. நான் திரும்பி வந்தபோது அவள் சாமிக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சாமிக்குத்தான சாத்தியிருக்கேன்" என்று சமாளித்துப் பார்த்தேன். "அப்ப இனிமே சாமியே ஒங்களுக்குச் சோறு வடிக்கட்டும்" என்றாள். ஒரு வாரம் கஞ்சிதான்.

பேச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் உருவம் செய்வது என் வேலை, மண் மிதிப்பது அவள் வேலை. மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். சரியாக மிதிபடாத மண்ணில் எவ்வளவு பெரிய கைகாரன் செய்தாலும் சூளையில் காது ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் போய்விடும். கல்லோ வேரோ தட்டுப்பட்டால் குனிந்து பார்க்காமலேயே கால்விரலால் எடுத்து வெளியே போடுவாள். அவள் கணுக்காலுக்குக் கீழே மண் நிறம்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மண்ணில் இறங்கப்போகிறவள் காலைக் கழுவி என்ன ஆகப்போகிறது என்று அவளும் தேய்ப்பதில்லை.

ஆனால் ஒரே ஒரு சமயம் மட்டும் காலைக் கழுவிவிட்டுத்தான் மண்ணில் இறங்குவாள். அது பிடிமண் கலக்கும்போது.

உங்களில் சிலருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒரு ஊர் தன் அய்யனாருக்குக் குதிரை எடுப்பதாக நேர்ந்துகொண்டால் முதலில் எங்களிடம் வந்து அளவு பேசமாட்டார்கள். ஊர்ப் பெரியவர் கோயிலடியிலிருந்து தன் கையால் ஒரு பிடி மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, குதிரை செய்யும் வேளார் கையில் கொடுப்பார். அதை வாங்கிவிட்டால் வேலையை ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். அந்த ஒரு பிடியைக் குதிரை செய்யும் மண்ணோடு கலக்கவேண்டும். கலந்துவிட்டால் அது அந்த ஊரின் குதிரை. அவர்கள் மண் அவர்கள் சாமியிடம் குதிரையாகப் போய்ச் சேருகிறது. எல்லாம் முடிந்து குதிரைக்குக் கண் எழுதித் திறக்கும் நாளில் வேளார், "உங்க மண்ணு உங்ககிட்ட வந்து சேந்துட்டு" என்று ஊரார் முன்னால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைப் பொய்யாகச் சொன்னவன் வீட்டில் அப்புறம் சூளை எரியாது என்பது எங்கள் குடும்பத்தில் நம்பிக்கை.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம் கழிந்திருந்தது. மழை சரியாகப் பெய்யாத வருடங்கள். பனவடலிசத்திரம் போகிற வழியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் உண்டு. பெயர் வேண்டாம். மேலூர், கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே குளம், அந்தக் குளத்தங்கரையில் ஒரே அய்யனார். எத்தனையோ தலைமுறையாக இரண்டு ஊரும் சேர்ந்துதான் குதிரை எடுப்பார்கள். மேலூர் ஒரு பிடி மண் தரும், கீழூர் ஒரு பிடி மண் தரும். இரண்டு முடிச்சு, ஒரு குதிரை.

அந்த வருடம் குளத்தில் கிடந்த கொஞ்சத் தண்ணீருக்கு மடையடியில் அடிதடி ஆகிவிட்டது. ஒருவனுக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். பெண் கொடுத்து எடுத்த வீடுகள் கூடப் பேச்சை நிறுத்திவிட்டன. மழை வேண்டிக் குதிரை எடுப்பதாக இரண்டு ஊரும் நேர்ந்துகொண்டன, ஆனால் தனித்தனியாக. ஒரே அய்யனாருக்கு இரண்டு குதிரை.

மேலூர் நாட்டாமை முதலில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். முடிச்சை என் கையில் வைத்தார். "எங்களுக்குத் தனியா ஒண்ணு. அம்புட்டுதான்" என்றார். இரண்டு நாள் போனதும் கீழூர்க்காரர் வந்தார். அவர் ஆட்டுக்கிடை வைத்திருப்பவர், கிடைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் வாய் ஓயாது. "வேளாரே, அவனுக குதிரய விட ஒரு சாணாவது ஒசரமா இருக்கணும், ஆமா. கழுத்து நல்லா நிமிந்து நிக்கணும். அவனுகளப் பாத்துக் குனிஞ்ச மாதிரி இருந்துறக் கூடாது" என்று போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு மஞ்சள் முடிச்சையும் சாமி மாடத்தில் வைத்தோம். இரண்டையும் பேச்சி பார்த்தாள். அவர்கள் பேசியதையும் கேட்டாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மண் கலக்கக் குறித்த நாளில் நான் இன்னும் ஒரு வண்டி மண்ணுக்காகக் குளத்துக்குப் போயிருந்தேன். ஒரு குதிரைக்கான மண் முற்றத்தில் இருந்தது. நான் கொண்டுவருவது மற்றதற்கு. வழியில் மாடு படுத்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்து மண் நன்றாக மிதிபட்டுக் கிடந்தது, பேச்சி அதன்மேல் கடைசிச் சுற்று மிதித்துக்கொண்டிருந்தாள். கொடியில் மஞ்சள் துணி இரண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, ரெண்டையுமா அவுத்த?" என்றேன்.

"எப்பவும் ரெண்டுதான?" என்றாள்.

சொல்லி முடித்ததும் தூக்கிய கால் அப்படியே நின்றுவிட்டது. அவள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. மெதுவாகக் காலைக் கீழே வைத்தாள். பிறகு அந்தச் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால் இது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அந்தக் கோயில் முடிச்சு என்றால் இரண்டையும் அவிழ்ப்பது, ஒரே மண்ணில் போடுவது என்று இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து பழகியவள். காலைக் கழுவினாள், விளக்கு ஏற்றினாள், கை அதுபாட்டுக்கு இரண்டையும் அவிழ்த்துவிட்டது. ஊர் பிரிந்த சேதி காதுக்கு வந்திருந்தது. கைக்கும் காலுக்கும் வரவில்லை. இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு நெசவாளர் தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

விஷயம் சின்னது இல்லை. கலந்த மண்ணைப் பிரிக்க முடியாது. பிடிமண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிட்டால் இந்தக் கோயில் மட்டும் இல்லை, சுற்று வட்டாரத்தில் ஒரு ஊர்கூட எனக்கு மண் கொடுக்காது. எங்கள் அப்பா, தாத்தா செய்துவந்த உரிமை என்னோடு முடிந்துவிடும். அதைவிடப் பெரிய பயம், இதை வைத்தே அவர்கள் மறுபடி கம்பைத் தூக்கிவிடுவார்கள் என்பது. இந்தத் தடவை தையலோடு போகாது. அந்தப் பழி பேச்சியின் காலில் வந்து விழும்.

"இப்பவே போயி ரெண்டு ஊருலயும் சொல்லிட்டு வந்துருதேன். வாரது வரட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

பேச்சி அழுது முடித்திருந்தாள். "சொல்லத்தான் வேணும். மறைக்கச் சொல்லல" என்றாள். "ஆனா இப்பச் சொன்னா வந்து என்னத்தப் பாப்பாவ? சகதியப் பாப்பாவ. சகதியத் தள்ளி விடுததுக்கு எவனாவது யோசிப்பானா? மொகம் வரட்டும். மொகம் வந்த பொறவு சொல்லுவோம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்க வாயத் தெறக்காம இருக்கணும். அதுதான் ஒங்களால முடியுமான்னு தெரியல."

எனக்கு வேறொரு குறுக்குவழி தோன்றியது. குளத்தங்கரை தூரமில்லை. நானே கோயிலடியில் போய் ஊருக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து, புது மண்ணில் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். பேச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவிய கையால குடுத்தாத்தான் அது பிடிமண்ணு. நாம எடுத்தா வெறும் மண்ணு. அத வச்சுக் குதிர செஞ்சு, கண்ணு தெறக்கும்போது ஒங்க மண்ணுன்னு எந்த வாயால சொல்லுவிய?" என்றாள். துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன்.

பிள்ளைகளே, உண்மையைச் சொல்லவேண்டும் என்று எல்லோரும் சொல்லித்தருவார்கள். எப்போது சொல்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அவள் மண்மேட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னதைத்தான் நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட பெரிய பாடமாக நினைக்கிறேன். அவள் ஒரு கிளிப்பிள்ளைகூடச் செய்தது கிடையாது. ஆனாலும் எனக்கு குரு யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறாள். படித்துக் காட்டினேன். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்கிறாள்.

நான் கொண்டுவந்த வண்டி மண்ணையும் அந்த மேட்டோடு சேர்த்துப் பேச்சி மறுபடி மிதித்தாள். இரண்டு குதிரைக்கும் இரண்டு பிடியும் சரிசமமாகப் போகட்டும் என்றாள். ஒரே மண்ணில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தேன். எது யாருக்கு என்று நானும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யவும் முடியாது. ஒன்றுக்குக் காது வைத்தால் அன்றே மற்றதற்கும் வைத்துவிடுவேன். ஒரு விரல்கடை உயரம் கூடினாலும் அது பின்னால் ஊர்ச் சண்டையாகிவிடும் என்பதால் பனை ஓலையில் அளவு கிழித்து இரண்டையும் அளந்துகொண்டே இருந்தேன். என் வேலையில் அவ்வளவு ஒழுங்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. சந்தைக்கு வரும் சாக்கில் மேலூர் நாட்டாமை வந்து எட்டிப் பார்ப்பார். "எங்களது எது?" என்பார்.

"ரெண்டும் இன்னும் பச்சப்பிள்ளைக அண்ணாச்சி. மொகம் வரட்டும், பேரு வச்சுருவோம்" என்பேன். அவர் கைக்கம்பை ஊன்றி இரண்டையும் நோட்டம் பார்ப்பார். இரண்டும் ஒரே உயரமாக இருப்பதில் அவருக்குத் திருப்தியும் இல்லை, குறையும் சொல்ல முடியவில்லை. கிடைக்காரர் வந்தால் குதிரையின் கழுத்தைத்தான் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் நிமிரலாம்" என்பார். அவர் போனதும் நான் இரண்டின் கழுத்தையும் நிமிர்த்துவேன். இப்படி ஆள் மாற்றி ஆள் வந்ததில் இரண்டு குதிரையும் வானத்தைப் பார்த்து நின்றன.

சூளையில் இரண்டும் கீறல் இல்லாமல் வந்தன. சூளையைப் பிரித்த அன்று பேச்சி ஒவ்வொரு காலையும் வயிற்றையும் விரலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டாள். பிறகு, "நல்லா மிதிச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுண்ணாம்பு பூசி, செங்காவியில் சேணமும் மணிமாலையும் எழுதினேன். கண் மட்டும் பாக்கி. பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் எடுத்துப் போவதாக ஏற்பாடு. காலையில் மேலூர், மத்தியானத்துக்கு மேல் கீழூர் என்று நான்தான் நேரம் பிரித்துக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு ஊரிடமும் தனியாக விஷயத்தைச் சொல்லலாம், ஒரு சமயத்தில் ஒரு கோபத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மேலூர் வண்டிக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அச்சு முறிந்துவிட்டது. கீழூருக்கு வந்த மேளக்காரர்கள் சாயங்காலம் வேறு ஊரில் வாசிக்கவேண்டும் என்று அவசரப்படுத்தி, அவர்கள் முன்கூட்டியே புறப்பட்டுவிட்டார்கள். என் வீட்டு முற்றத்தில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் குதிரையையே பார்த்தார்கள். இரண்டு ஊர் மேளக்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே இரண்டு மேளமும் போட்டி போட ஆரம்பித்துவிட்டது. நெசவாளர் தெருவே வேலையை விட்டுவிட்டு எங்கள் சுவரில் ஏறி நின்றது.

நல்ல நேரம் முடிய அதிக நேரம் இல்லை. தாழம்வேர்த் தூரிகையை மையில் தோய்த்துவிட்டேன். மேளம் நின்றது. சொல்லவேண்டிய வாசகம் நாக்கில் வந்து நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பேச்சி அடுக்களை வாசலில் நின்றாள். நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"கண்ணத் தெறக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றேன். "ரெண்டு ஊரு மண்ணும் ஒண்ணாக் கலந்துட்டு. ரெண்டு குதிரயிலயும் ரெண்டு மண்ணும் இருக்கு. எது யாருதுன்னு என்னால சொல்ல முடியாது."

மொத்தச் சத்தமும் ஒன்றாக வந்தது. யாரிடம் காசு வாங்கினாய், எந்த ஊர்க்காரன் சொல்லிக் கொடுத்தான் என்று இரண்டு பக்கமும் என்னைத்தான் கேட்டது. மேலூர் நாட்டாமையின் மூத்த மகன், வாலிபன், குதிரை தூக்கக் கொண்டுவந்த மூங்கில் கம்பை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். "அவனுக மண்ணு கலந்த குதிர எங்களுக்கு எதுக்கு? ரெண்டையும் ஒடச்சுப் போட்டுட்டுப் போவோம்" என்றான். நான் இரண்டு எட்டு பின்னால் போனேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், போனேன்.

பேச்சி அடுக்களை வாசலிலிருந்து வந்தாள். அவன் குறுக்கே போய் நிற்கவில்லை. குதிரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"மிதிச்சது நான்தான். எப்பவும் போல ரெண்டையும் அவுத்துட்டேன். ஒடைக்கதுன்னா ஒடைய்யா. ஆனா ஒங்க அய்யா தன் கையால அள்ளிக் குடுத்த மண்ணும் அதுலதான் இருக்கு. அது எங்கன இருக்குன்னு பாத்து, அத மட்டும் விட்டுட்டு மிச்சத்த ஒட."

கம்பு ஓங்கியபடியே நின்றது. அவன் குதிரையின் கழுத்தைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், காலைப் பார்த்தான். எங்கே அடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் குதிரைக்கு அன்றைக்கு முகம் இருந்தது. சகதியாக இருந்திருந்தால் ஒரே அடிதான்.

"கம்பக் கீழ போடுலே" என்றார் நாட்டாமை.

கிடைக்காரர் அதற்குள் வேறு கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். "ஏத்தா, அப்ப எங்க குதிரயில இவனுக மண்ணு இருக்குங்கியா?"

"இருக்கு அண்ணாச்சி. அவிய குதிரயிலயும் ஒங்க மண்ணு இருக்கு."

"எம்புட்டு?"

"பாதி."

அவர் முகம் தெளிந்தது. தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "அப்ப அவனுக குதிரயில பாதி நமக்கு" என்றார், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அது தெரு முனை வரைக்கும் கேட்டது.

நாட்டாமைக்கும் கேட்டது. "இவனுக குதிரயிலயும் எங்களுக்குப் பாதி இருக்கு. அத மறந்துறாதீரும்" என்றார். மடையடியில் சண்டை நடந்ததற்குப் பிறகு அவர் கிடைக்காரரைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பின்னால் சொன்னார்கள்.

அதோடு முடிந்தது என்று தூரிகையை எடுத்தேன். "எந்தக் குதிரைக்கு மொதல்ல கண்ணு?" என்று யாரோ கேட்டுவிட்டான். மறுபடி கூச்சல். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் பயம் ஓடிவிட்டது. "ஏட்டி பேச்சி, இன்னொரு தூரிகைய எடு. நான் இதுக்கு, நீ அதுக்கு. ரெண்டுக்கும் ஒரே சமயத்துல" என்றேன்.

"நானா?" என்றாள்.

"பொம்பள கண்ணு தெறக்கதா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். நாட்டாமை கையைக் காட்டினார். "மண்ணு மிதிச்சது அவதான. நேரம் போகுது" என்றார். பேச்சி தூரிகையை எடுத்தாள்.

இருவரும் ஒன்றாகத் தூரிகை வைத்தோம். அவள் எப்படி எழுதுகிறாள் என்று பார்க்க ஆசைதான், ஆனால் நான் என் குதிரையை விட்டு அந்தப் பக்கம் திரும்ப முடியாது. கண் எழுதி முடித்ததும் வாசகத்தைச் சொன்னேன். "உங்க மண்ணு உங்ககிட்ட வந்து சேந்துட்டு." ஒரே தடவைதான் சொன்னேன். இரண்டு ஊருக்கும் அது உண்மையாக இருந்தது. எந்தக் கூட்டம் எந்தக் குதிரைக்குப் பக்கத்தில் நின்றதோ அந்தக் குதிரையைத் தூக்கியது. நான் கண் எழுதியது மேலூருக்கும், பேச்சி கண் எழுதியது கீழூருக்கும் போனது.

மழை பெய்தது. பிரமாதமாக இல்லை, குளம் பாதி நிறையும் அளவுக்கு. எங்கள் குதிரைக்குப் பெய்தது என்று மேலூரும், எங்கள் குதிரைக்குப் பெய்தது என்று கீழூரும் சொல்லிக்கொண்டன. சண்டை அதோடு நின்றுவிட்டது என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். நிற்கவில்லை. மடையடியில் பிறகும் கைகலப்பு உண்டு. ஆனால் கோபத்தில் வைக்கோல் போரில் கை வைத்தார்கள், வரப்பை வெட்டினார்கள், குளத்தங்கரையில் நின்ற குதிரைகள் மேல் மட்டும் எவனும் கை வைக்கவில்லை. அடுத்தவன் குதிரையில் தன் பாதி இருக்கிறதே.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். கீழூர்க் குதிரைக்குக் கொஞ்சம் ஓரக்கண். நேராகப் பார்க்காது, பக்கத்தில் நிற்கும் மேலூர்க் குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றது. "அவனுக குதிரய எங்க குதிர காவல் பாக்கு" என்றார்கள் கீழூர்க்காரர்கள். "எங்க குதிரையோட அழக அது வாயப் பொளந்து பாக்கு" என்றார்கள் மேலூர்க்காரர்கள். பேச்சி இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டாள். கண் நேராகத்தான் எழுதினாளாம், நான் கழுத்தைத்தான் கோணலாக நிமிர்த்தியிருந்தேனாம். தப்பு யாருடையது என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

வெயிலிலும் மழையிலும் குதிரைகள் பழசாகி, மறுபடி எடுக்கும் காலம் வந்தது. கீழூரிலிருந்து ஆள் வரவில்லை. மேலூர் நாட்டாமை மட்டும் ஒரு காலையில் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு மஞ்சள் முடிச்சை மடியிலிருந்து எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, "அவிய மண்ணு வந்துட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் வரல அண்ணாச்சி."

"அப்ப வரட்டும்" என்று எங்கள் வீட்டு உரல் மேல் உட்கார்ந்துவிட்டார். பேச்சி மோர் கொடுத்தாள், குடித்தார். வெயில் ஏறியது. எழுந்திருக்கவில்லை. ஒருவழியாகத் தெரு முனையில் கிடைக்காரரின் குரல் முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். மஞ்சள் முடிச்சு அவர் கையில் இருந்தது. உரலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் வாய் மூடியிருந்தது அன்று ஒருநாள்தான். நாட்டாமை எழுந்தார். இரண்டு முடிச்சும் ஒன்றன்பின் ஒன்றாக என் கைக்கு வந்தன.

"குதிர ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டேன்.

"ரெண்டுதான்" என்றார் நாட்டாமை வெடுக்கென்று. வாசல் வரைக்கும் போனவர் திரும்பிப் பேச்சியைப் பார்த்தார். "ஆனா முந்தி மாதிரி ஒண்ணா மிதி தாயி."

பேச்சி குடத்தைச் சாய்த்துக் காலைக் கழுவ ஆரம்பித்தாள்.